நாய்க்கும் இடமுண்டு

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் பொருளைச் சொன்னதும் உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுத் தவறணையைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தத் தவறணையின் வாங்குக்குக் கீழே படுத்திருக்கும் நாயைப் பற்றியும் பேசப்போகிறேன். இலக்கியத் தொடரில் இவை இரண்டுக்கும் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். எந்த வாசலுக்குள் யார் போகலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பது நமது இலக்கியம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. அந்தக் கேள்வியைத் தவறணை வாசலில் வைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

சில கிழமைகளுக்கு முன் இலண்டனில் வாழும் என் மருமகன் தொலைபேசியில் பேசினான். அவன் இருக்கும் பகுதியில், பழைய புகையிரதப் பாலத்தின் வளைவொன்றின் கீழே, புதிதாக ஒரு பியர்க்கடை திறந்திருக்கிறார்களாம். முதற் கிழமையே அங்கே போய்விட்டு வந்து அதன் புதினத்தைச் சொன்னான்.

"மாமா, இது சும்மா பார் இல்லை. அவையளே சின்ன அளவிலை காய்ச்சி, அவையளே வாத்துக் குடுக்கினம். எங்கடை நாயையும் கூட்டிக்கொண்டு போனனான். வாசலிலை நாய்க்குத் தண்ணிச் சட்டி வைச்சிருக்கு. அதுக்கெண்டு பிஸ்கற்றும் குடுக்கினம்."

வாசலிலே ஒரு கரும்பலகை இருந்ததாம். அன்றைக்கு உள்ள பியர் வகைகள், எந்தத் தானியம், மதுசாரம் நூற்றுக்கு எத்தனை பங்கு, காய்ச்சியவர் யார் என்பதெல்லாம் அதில் வெண்கட்டியால் எழுதப்பட்டிருந்தனவாம். குடிக்க வந்தவர்கள் அந்தப் பெயர்களை வாசித்து, காய்ச்சியவரையே கூப்பிட்டு நல்லது கெட்டது பேசினார்களாம்.

"நாயோடை போயிருந்து குடிக்கிற இடத்தை நீங்கள் கண்டிருக்கமாட்டியள் மாமா" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "தம்பி, வட்டக்கச்சியிலை உன்ரை அப்பப்பா ஒருநாளும் நாயில்லாமல் தவறணைக்குப் போனதில்லை" என்றேன்.

அவன் சொன்ன கடையைக் 'கிராப்ற் பியர்' கடை என்கிறார்கள். கைவினைப் பியர் என்று தமிழிலே சொல்லலாம். வாற்கோதுமையை நனைத்து முளைக்க வைத்து, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவிட்டால் இனிப்பான நீர் கிடைக்கும். அதை ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்த்து நொதிக்கவிட்டால் பியர். முன்பு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இதைக் காய்ச்சினார்கள். பின்னர் பெருங் கம்பனிகள் வந்தன. எங்கே வாங்கினாலும் ஒரே நிறம், ஒரே சுவை என்றாயிற்று. இதைப் பொறுக்கமாட்டாத சிலர் 1971 இல் பிரித்தானியாவிலே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பீப்பாயிலேயே பதமாகும் பழைய பியரைக் காப்பாற்றுவது அவர்கள் எண்ணம். அமெரிக்காவிலே வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டம் 1978 இல் நிறைவேறியது. வீட்டிலே காய்ச்சிப் பழகிய கைகளே பிறகு சிறிய கடைகளைத் திறந்தன. ஸ்கொட்லாந்தில் 2007 இல் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய 'புறூடோக்' என்ற கம்பனி தன் பெயரிலேயே நாயை வைத்துக்கொண்டது. 2017 இல், புதிதாக நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கும் ஊழியருக்கு ஒரு வாரச் சம்பள விடுமுறை கொடுப்பதாகவும் அது அறிவித்தது. நமது ஊரில் பிள்ளை பெற்றவளுக்கே விடுமுறை கிடைக்காத தொழில்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

நாயும் பியரும் சேர்ந்து நமது இலங்கைத் தீவிலே கால்வைத்த கதையொன்றும் உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை உண்டாக்க வந்தார். வேட்டை நாய்களையும் கூட்டிவந்தார். இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும் என்ற பொருள்படும் தலைப்பிலே ஒரு புத்தகமும் எழுதினார். அந்தக் குடியேற்றத்திலேதான் இலங்கையின் பியர் காய்ச்சும் தொழிலுக்கு அடி இடப்பட்டது என்பார்கள்.

ஆனால் நேயர்களே, முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மது வடிக்கும் கலையைத் தமிழர் பேக்கரிடம் கற்கவேண்டியிருக்கவில்லை. பத்துப்பாட்டைப் புரட்டிப் பாருங்கள். உ. வே. சாமிநாதையர் 1889 இல் அச்சிட்டுத் தந்த நூல் அது. அதிலே பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று வந்த பாணன் ஒருவன், பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். இந்த வழியாற் போ, இன்னார் குடியிருப்பு வரும், அவர்கள் வீட்டிலே இன்னது உண்ணத் தருவார்கள் என்று ஒவ்வொரு நிலமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். எந்த வாசல் திறந்திருக்கும் என்று ஏழைக்குச் சொல்லும் இலக்கியமே ஆற்றுப்படை.

அந்த வழியிலே எயினர் குடியிருப்பு வருகிறது. அங்கே நாய்கள் சங்கிலியிற் கட்டப்பட்டிருக்கின்றன. வந்த விருந்தாளிக்குச் சிவந்த அரிசிச் சோறும், நாய் பிடித்துவந்த உடும்பின் வறுவலும் கிடைக்கும் என்கிறார் புலவர். பிடித்தது நாய் என்பதை அவர் மறக்காமற் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். அடுத்து வரும் அடிகளிலே வீட்டிலே சமைத்த கள்ளாகிய தோப்பி என்னும் மதுவைப் பற்றிய பேச்சு வருகிறது. இன்னும் சற்று வழிநடந்தால் வலைஞர் குடியிருப்பு. அங்கே மது வடிக்கும் செய்முறையையே புலவர் விரித்துச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சுவார்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் ஆறவிடுவார்கள். முளையை இடித்து அதிலே கலப்பார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்படி சாடியிலே வைத்து, விளைந்த பிறகு விரலால் அலைத்து வடித்தெடுப்பார்கள். தளர்ந்து வரும் பாணனுக்கு அதைச் சுட்ட மீனோடு கொடுப்பார்கள். இலண்டன் பாலத்து வளைவின் கீழ் நடக்கும் வேலைக்கும் இந்த வேலைக்கும் அடிப்படையிலே வேற்றுமை மிகக் குறைவு. அங்கே வாற்கோதுமை, இங்கே நெல்.

இதே பாட்டில் அந்தணர் குடியிருப்பும் வருகிறது. அங்கும் பாணனுக்கு நல்ல சோறு உண்டு. மாதுளங்காய்க் கறி உண்டு. மாவடு ஊறுகாய் உண்டு. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த வீடுகளின் பக்கம் கோழியும் நாயும் அணுகா என்று ஒரு சொல்லிலே புலவர் எல்லை கீறிவிடுகிறார். நாய் இருக்கும் வாசல், நாய் அணுகாத வாசல் என்று குடியிருப்புகளை அடையாளங்காட்டும் வழக்கம் அத்தனை பழையது. புலவர் எந்த வாசலையும் இகழவில்லை. கண்டதைச் சொல்லிப் போகிறார். அவர் கண்ட அந்தக் கோடு பின்வந்த நூற்றாண்டுகளிலே என்னவாக வளர்ந்தது என்பது நாம் அறிந்த சங்கதி.

உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்திலே மது விற்கும் கடைக்குக் கொடி பறந்தது என்கிறார். முற்றத்திலே மணல் பரப்பிப் பூச்சிதறியிருந்தார்களாம். மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்டதாம். பலரும் நுழையும் வீடு என்று அதைச் சொல்கிறார். அந்தப் 'பலர்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வட்டக்கச்சிக்கு வாருங்கள்.

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஊர். குளத்து வேலை 1902 இல் தொடங்கியது. காடு வெட்டிக் குடியேற்றம் அமைந்தது கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் வயலும் மேட்டுக்காணியும் பெற்று இருந்தார்கள். வந்தவர்கள் தங்கள் தங்கள் ஊரின் விதைநெல்லைக் கொண்டுவந்தார்கள், குலதெய்வத்தைக் கொண்டுவந்தார்கள், சாதியையும் கூடவே மூட்டைகட்டிக் கொண்டுவந்தார்கள். நாயையும் கொண்டுவந்தார்கள். காட்டோரத்து வயலுக்கு நாய் இல்லாமல் முடியாது. பன்றி வரும். யானை வரும். இரவு காவற்கொட்டிலில் மனிதன் கண்ணயர்ந்தாலும் நாயின் காது உறங்காது.

ஆகவே மாலையிலே வயலால் வரும் மனிதனோடு நாயும் வரும். தவறணையிலே அவன் குந்தினால் அதுவும் படுக்கும். அதற்கு அழைப்பும் தேவையில்லை, பலகையும் தேவையில்லை. கிடுகு வேய்ந்த கொட்டில், மண் நிலம், இரண்டு மூன்று வாங்குகள், ஒரு மூலையிலே கள்ளுப் பானை, வாசலிலே சாத்திய சைக்கிள்கள். கடிக்கிறதற்குக் கருவாட்டுப் பொரியல், அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கு. கருவாட்டுத் தலை எந்த நாய்க்குப் போகும் என்பதிலே எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. புதிதாக வந்த நாய் வாசலிலே நிற்கும். பழைய நாய் வாங்கின் கீழே படுக்கும். இரண்டும் உறுமிக்கொண்டால் யாராவது ஒருவர் "சூ, அங்காலை போ" என்பார். அவ்வளவுதான் நிர்வாகம்.

தவறணை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். வாங்கும் அவர்கள் தந்த சொல்லே. ஆனால் பானைக்குள் இருப்பது நமது மண்ணின் சரக்கு. காலையிலும் மாலையிலும் ஒரு மனிதன் காலிலே தளைநார் மாட்டிக்கொண்டு பனையில் ஏறுகிறான். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டி கட்டுகிறான். சீவல் ஒரு இழை தடித்தாற் பாளை பாழாகும். மெலிந்தால் நீர் ஊறாது. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர், பிள்ளைகளும் குடிக்கலாம். பூசாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் தானாகவே வேலை தொடங்கிவிடும். இறக்கும்போதே நுரைக்கும். மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு. பியரும் பெரும்பாலும் அந்த அளவுதான். அடுத்த நாளைக்கு வைத்தாற் புளித்து வினாகிரியின் வழிக்குப் போய்விடும். ஆகையினால் உடன் கள்ளை அன்றைக்கே குடிக்கவேண்டும், அந்த ஊரிலேயே குடிக்கவேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சுவை. இன்னாருடைய கை நல்ல கை என்று குடிப்பவர்கள் நாக்கால் அறிவார்கள். கைவினை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எங்கே இருக்கிறது?

நேயர்களே, கள்ளைப் புகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். குடித்தவனைக் கண்டு பெற்ற தாயின் முகமே மலராது, சான்றோர் முகம் எப்படி மலரும் என்று அவர் கேட்ட கேள்விக்குத் தவறணையிலே இருப்பவர் யாரிடமும் விடையில்லை. அந்தக் கேள்வியின் பாரத்தை எங்கள் ஊரிலே பெண்கள் சுமந்தார்கள். அவர்களுக்குச் செய்தி கொண்டுவந்தது நாய்.

மாலை கருகி விளக்கு வைக்கும் நேரம். படலையடியிலே நாய் வந்து நின்றால் ஆள் பின்னாலே வருகிறார் என்று அர்த்தம். உலை வைக்கலாம். நாயும் வராவிட்டால் ஆள் இன்னும் எழும்பவில்லை. நாய் தனியே வந்து, படுக்காமல், திரும்பத் திரும்பப் படலையைப் பார்த்து அனுங்கினால் அவளுக்கு நெஞ்சு இடிக்கும். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, பெரிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் நடப்பாள். நாய் முன்னாலே ஓடும். வாய்க்கால் கட்டோரம் விழுந்து கிடப்பவரிடம் அது கொண்டுபோய் விடும். காற்சட்டைப் பையிலே அன்றைய கூலியில் மீதி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் பெண்ணின் முகத்தை அந்த நாய்தான் பார்த்திருக்கும். தவறணையை எழுதுகிறவர்கள் வாங்கிலே இருப்பவர்களின் பகிடியோடு நின்றுவிடுவதுண்டு. வாய்க்கால் கட்டு வரை கதையைக் கொண்டுபோக வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, இந்த உரையை என்னிடம் கேட்டுவாங்கிய விடயத்துக்கு வருகிறேன். இலண்டன் கடையிலே நாய்க்கு இடம் கொடுத்ததை மருமகன் பெரும் முற்போக்காகச் சொன்னான். நமது ஊரிலே நாய்க்கு எங்கும் தடை இருந்ததில்லை. தேநீர்க்கடை முற்றத்திலே அது படுத்திருக்கும். கோயில் வெளிவீதியிலே அது திரியும். கலைத்தால் ஓடும், மறுபடி வரும். எவரும் அதைத் தீட்டென்று சொல்லிக் கிணற்றைக் கலக்கி இறைத்ததில்லை. அதே தேநீர்க்கடைக்குள்ளே, அதே கோயிலுக்குள்ளே, கள் இறக்கிய மனிதன் போக முடியாத காலம் ஒன்று இருந்தது. அவனுக்குத் தேநீர் சிரட்டையிலும் தகரப்பேணியிலும் கொடுத்தார்கள். அவன் மரத்திலே ஏறி இறக்கிய கள் உயர்ந்த வீடுகளின் கொல்லைப்புறத்தால் உள்ளே போனது. அவன் போகவில்லை.

சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 இல் வந்தது. கடைகளிலும் கோயில்களிலும் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் புத்தகத்திலே இருந்தது; பேணி கடையிலே தொங்கியது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்திற்குப் பிறகு தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் ஊருக்கு ஊர் நடந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தவற்றை நாடறியும். அந்தப் போராட்டங்களின் மூச்சை கே. டானியல் 1972 இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலிலே பிடித்துவைத்தார். ஈழத்து இலக்கியத்திலே வாசல் என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு வேறொரு கனம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றிலே தவறணைக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. அங்கே எல்லோரும் வந்தார்கள். பட்டினப்பாலைப் புலவர் சொன்ன 'பலர்' அங்கே இருந்தார்கள். பகலிலே ஒழுங்கையில் முகங்கொடுத்துப் பேசாதவர்கள் மாலையிலே ஒரே கொட்டிலின் கீழ் இருந்தார்கள். ஆனால் அங்கேயும் யார் வாங்கிலே இருப்பது, யார் நிலத்திலே குந்துவது, யாருக்குக் கிளாஸ், யாருக்குப் பனையோலையில் மடித்த பிளா என்ற கணக்கு நெடுங்காலம் இருந்தது. ஒரே பானைக் கள். வாயிலே படும் ஏனம் வேறு. வாங்கின் கீழே படுத்திருந்த நாய்க்கு மட்டும் இந்தக் கணக்குத் தெரியாது. கருவாட்டுத் தலையை யார் எறிந்தாலும் அது வாலாட்டியது.

இந்த இடத்திலே மகாபாரதத்தின் முடிவு எனக்கு நினைவுக்கு வருகிறது. தம்பிமாரும் பாஞ்சாலியும் வழியிலே விழுந்துபோக, தருமர் தனியே மலையேறுகிறார். கூட வருவது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நீ ஏறலாம், நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். என்னை நம்பி வந்ததைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். அந்த நாயே தருமதேவதை என்று கதை முடிகிறது. இந்தக் கதையைக் கோயில் வீதியிலே இருந்து கண்ணீர் மல்கக் கேட்ட நமது முன்னோர், அதே கோயில் வாசலிலே மனிதனை மறித்தார்கள். நாயை வாகனமாகக் கொண்ட வைரவரை ஒவ்வொரு மரத்தடியிலும் வைத்துக் கும்பிட்டவர்கள் நாம். திருவாசகத்திலே மணிவாசகர் தம்மை நாயினும் கீழாகத் தாழ்த்திப் பாடினால் உருகுகிறோம். கதையிலும் பாட்டிலும் நாய் நமக்குத் தருமம். தெருவிலே மட்டும் 'நாய்ச்சாதி' என்பது வசைச்சொல்.

நாயைப் பற்றி வன்னி மண்ணிலே நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமற் போக முடியாது. 2009 தை மாதத்திலே சனம் வட்டக்கச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியிலே நெல்மூட்டைக்கு இடமில்லை. கிழவிக்கு இடம் தேடவேண்டியிருந்தது. நாய்க்கு இடமில்லை. சில நாய்கள் பின்னாலே ஓடி வந்தன. சில படலையிலே நின்றுவிட்டன. 'நாய்க்கும் இடமுண்டு' என்ற பலகையைப் பற்றி மருமகன் சொன்னபோது என் மனம் முதலில் போனது அந்தப் பெட்டிக்குத்தான். தருமரைப் போலத் தேரை வேண்டாமென்று சொல்லும் நிலையிலே அன்றைக்கு எவரும் இருக்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோனாற் போதும் என்றிருந்தது. மீளக்குடியேற வந்தபோது, பற்றை மூடிய வளவுக்குள்ளே எலும்பும் தோலுமாக நின்ற நாயைக் கண்டவர்கள் உண்டு. ஆளை அடையாளங்கண்டு காலடியிலே படுத்த நாயும் உண்டு. காணாமற் போனவை அதிகம். மனிதரையே எண்ணி முடிக்காத மண்ணிலே அவற்றை யார் எண்ணினார்கள்?

அதன் பிறகு ஊர் மெல்ல மெல்ல எழுந்தது. பாளை வந்த பனைகளிலே மறுபடி முட்டி கட்டினார்கள். முன்பு 1972 இலே தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளிக்கு ஒரு முதுகெலும்பைத் தந்தன. இடையிலே நின்று உறிஞ்சியவர்களிடமிருந்து அவன் ஓரளவு விடுபட்டான். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவாயிற்று. கள்ளைப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அக்கரையிலே தமிழ்நாட்டின் கதை வேறு. அங்கே 1987 இல் கள் இறக்குவதற்குத் தடை வந்தது. 2003 இல் அரசே சில்லறை மதுக்கடைகளை நடத்தத் தொடங்கியது. ஆலையிலே செய்த சாராயத்துக்கு அரசின் முத்திரை. மரத்திலே ஏறியவனுக்கு வழக்கு. அதை நினைத்தால் நமது சங்கங்களின் அருமை புரியும்.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. மருமகன் சொன்ன கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். அதிலே காய்ச்சியவரின் பெயர் இருந்தது. அவருடைய தொழில் அவருக்குப் பெருமை. அவரிடம் பழக இளைஞர்கள் வரிசையிலே நிற்கிறார்களாம். நமது ஊரிலே சீவல் தொழிலாளியின் மகன் அந்தத் தொழிலை விட்டு ஓடவே விரும்புகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு நாவில்லை. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மரத்தால் விழுந்தவன் பெரும்பாலும் யார்? மிதித்தது மாடு மட்டுமா? உயிரைத் தளைநாரிலே கட்டி ஏறுகிற வேலை. அதற்குக் கூலியாகக் கிடைத்ததோ இழிபெயர். கை நல்ல கை என்று நாக்கு அறிந்தது. வாய் அதைச் சொல்லவில்லை. நமது தவறணை எதிலும் கள் இறக்கியவனின் பெயர் எழுதிய பலகையை நான் கண்டதில்லை.

புறநானூற்றிலே ஒளவையார் அதியமானை நினைத்து அழுகிறார். கள் சிறிதாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் உண்டு பாட மீதியைத் தான் மகிழ்ந்து உண்பான் என்ற பொருள்பட அவர் சொல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு மன்னன் இறந்தபோது அவன் கொடுத்த நாடும் பொன்னும் அவருக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. ஒரே கலத்துக் கள்ளை அவன் எப்படிப் பங்கிட்டான் என்பதே நினைவுக்கு வந்தது. அதியமானோடு இருந்து உண்டவரோ மன்னருமல்லர், ஆணுமல்லர். பெண்ணொருத்தி, பாடிப் பிழைப்பவள். அந்தப் பந்தியிலே அவருக்கு இடம் இருந்தது. பிறகு வந்த நாம்தான் பந்திக்குப் பந்தி கோடு கீறினோம்.

அண்மையிலே வட்டக்கச்சிப் பக்கம் போனபோது ஒரு தவறணையை எட்டிப் பார்த்தேன். தகரக் கூரை, சீமெந்து நிலம், பிளாஸ்ரிக் கதிரைகள். எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான கிளாஸ். பிளாவுக்கும் கிளாசுக்கும் இடையிலிருந்த கணக்கு, அந்த அளவிலே, முடிந்திருந்தது. ஒரு செம்மறை நாய் மேசைக்குக் கீழே படுத்திருந்தது. நான் இருந்த கதிரைக்கு எதிரே, அப்போதுதான் மரத்தால் இறங்கி வந்த ஒருவர், இடுப்பிலே கத்திக்கூட்டோடு, சுவரோரம் நின்றுகொண்டே கணக்குப் பார்த்தார். கதிரை காலியாக இருந்தது. "இருங்கோவன் அண்ணை" என்றேன். "வேண்டாம், நான் போறன், பின்னேர மரம் இன்னும் நாலு கிடக்கு" என்றார். வேலை அவசரத்தால் அப்படிச் சொன்னாரா, நின்று பழகிய பழக்கத்தாற் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய பெயரைக் கேட்டேன். சொன்னார். அவருடைய கள் நன்றாக இருந்தது என்று அவருக்கே சொன்னேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, நாயைக் காலால் மெல்ல விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

நேயர்களே, உங்கள் ஊர்த் தவறணைக்கு நீங்கள் போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். போகாதிருந்தால் வீட்டிலே உள்ளவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அந்த வழியாற் போகும்போது, தோளிலே முட்டியோடு வருகிற மனிதரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அவருடைய நாயின் பெயர் தெரிந்திருக்கும். வீமன் என்றோ ரைகர் என்றோ அவர் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள்.